சுரங்கம் நெருங்கும் ஊரில் மக்கள் குழு: முதல் மனுவிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். சுற்றுச்சூழல் அனுமதி, தகவல் உரிமை, பசுமைத் தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி நீதிமன்றம்) மூன்றும் மத்தியச் சட்டங்களின் கீழ் வருவதால், ராய்கட், சிங்ரௌலி பக்கத்து நிலக்கரி ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நிலம் எடுக்கும் சட்டம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் சாலை மறியல், அப்புறம் மனு, வழக்குப் போடும்போதுதான் ஆவணம் தேடுவது. அதற்குள் கெடுத் தேதிகள் போய்விடும், பாதிப் பேர் மேல் வழக்கும் இருக்கும். ஆவணம், அளவீடு, தீர்மானம், கருத்துக்கேட்பு, போராட்டம், தீர்ப்பாயம் என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் சான்றாக நிற்கும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஊரின் கிராம வரைபடம், ஒரு தடித்த தீர்மானப் புத்தகம், நாள் நேரம் பதியும் கேமரா உள்ள ஒரு போன், குழுவுக்கென்று தனி மின்னஞ்சல், தபால் செலவுக்குக் கொஞ்சம் பொதுப்பணம். பணம் சிறிதாக இருந்தாலும் வரவு செலவை எழுதி மாதம் ஒருமுறை எல்லார் முன்னும் வாசியுங்கள். குழுவை உடைக்க நினைப்பவர்கள் முதலில் கிளப்புவது பணப் பேச்சைத்தான்.

1. ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

"எங்கள் ஊரை எடுக்கப் போகிறார்களாம்" என்ற பேச்சோடு யாரும் வேலை தொடங்க முடியாது. நான்கு நிலைகளில் எது என்று முதலில் தெரிய வேண்டும்: ஏலப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா, சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பம் போயிருக்கிறதா, நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்துவிட்டதா, நிலம் காகிதத்தில் எடுக்கப்பட்டு இன்னும் பயிர் செய்துகொண்டிருக்கிறீர்களா?

ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது அது அரசியல் முடிவாக இருந்த கட்டம். டெல்டா முழுவதும் எதிர்ப்பு எழுந்தது, சட்டமன்றமும் எதிர்த்தது, ஏப்ரலிலேயே மூன்றும் நீக்கப்பட்டன. நில அறிவிப்பு வந்தபின் அவ்வளவு சீக்கிரம் எதுவும் திரும்பாது.

திட்டத்தின் நிலையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி விண்ணப்பங்கள் ஏறும் பரிவேஷ் இணையதளத்தில் பாருங்கள். நிலம் எந்தச் சட்டத்தில் எடுக்கப்படுகிறது என்பதை அறிவிப்பின் முதல் பத்தியிலேயே காணலாம். நெய்வேலிப் பக்கம் தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் பயன்பட்டிருக்கிறது. மத்திய இந்தியாவில் 1957-ம் ஆண்டு நிலக்கரிப் பகுதிச் சட்டம். அதில் 7-ம் பிரிவு அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் ஆட்சேபம் தர வேண்டும். எந்தச் சட்டமானாலும் அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே அனுமதி பெற்ற நிலக்கரிச் சுரங்கம் உற்பத்தித் திறனைக் கூட்டும்போது, சில நிபந்தனைகளோடு, புதிய கருத்துக்கேட்பு இல்லாமலே அனுமதி பெற வழி இருக்கிறது. கருத்துக்கேட்பு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் சில விரிவாக்கங்கள் காதுக்கே எட்டாது. மாதம் ஒருமுறை இணையதளத்தைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

2. குழுவில் யார் யார்

பட்டா உள்ளவர்கள் மட்டும் கூடினால் அது நிலத்துக்காரர் சங்கமாகிவிடும். நிலம் போனால் கூலிக்காரருக்கு வேலை போகிறது. பட்டா இல்லாததால் இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயரே இருக்காது. ஆடு மேய்ப்பவர், குத்தகைக்காரர், புறம்போக்கில் வீடு கட்டியவர் எல்லாருக்கும் இதே கதி. ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண் என்று வையுங்கள். கூடும் இடம் எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாக இருக்கட்டும். கோயில் மண்டபம் பல ஊர்களில் அப்படிப்பட்ட இடமில்லை. பள்ளித் திண்ணையோ களத்துமேடோ போதும்.

சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கும் ஊர்க்காரர்களைக் கட்டாயம் சேருங்கள். பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். "அவன் கம்பெனி ஆள்" என்று ஒதுக்கினால் ஊர் இரண்டாகும், அண்ணன் வயலிலும் தம்பி ஷிப்டிலும் எதிரெதிரே நிற்பார்கள். எந்த வாய்க்காலில் எந்த நேரத்தில் தண்ணீர் விடுகிறார்கள், மண்மேடு எந்தப் பக்கம் சரிகிறது என்பது அந்தத் தம்பிக்குத்தான் தெரியும். அவர் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது குழுவின் கடமை. வேலை போனால் அவர் குடும்பத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

கோரிக்கைகளை இரண்டு தாளில் எழுதுங்கள். முதல் தாளில் எல்லாருக்கும் பொதுவானவை: குடிநீர், தூசி, வீட்டு விரிசல், பழைய இழப்பீட்டு பாக்கி. இரண்டாவதில் கருத்து வேறுபடுபவை: சுரங்கமே வேண்டாம் என்போர், நிலத்துக்கு நிரந்தர வேலை கேட்போர், நல்ல விலை கேட்போர். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் முதல் பேச்சுவார்த்தையிலேயே ஒரு பிரிவைத் தனியே அழைத்துப் பேசி முடித்துவிடுவார்கள். பொதுத் தாளில் ஊர் உடையாது.

3. வீட்டுக்கு ஒரு கோப்பு

பட்டா, சிட்டா, புல வரைபடம், கடைசிச் சில போகங்களின் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்தார் என்ற விஏஓ பதிவு) நகல், குடும்ப அட்டை, கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதன் ஆழமும் தோண்டிய ஆண்டும், மரங்களின் எண்ணிக்கை. எல்லாம் ஜெராக்ஸ். மூலப் பத்திரத்தைக் குழுவிடம் யாரும் கொடுக்க வேண்டாம், குழுவும் வாங்க வேண்டாம்.

அடங்கல் ஏன் இவ்வளவு முக்கியம்? 2023 ஜூலை 26 அன்று நெய்வேலி அருகே வளையமாதேவியில் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது வயலில் நெல் நின்றது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் எடுக்கப்பட்டிருந்தது, ஆனால் உழவு நிற்கவில்லை. அந்த வழக்கில் சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இப்படி ஒரு உத்தரவு வரும்போது, இந்தப் போகத்தில் இந்தப் புல எண்ணில் நான்தான் பயிர் செய்தேன் என்று காட்டத் தாள் வேண்டும். எடுக்கப்பட்ட நிலத்துக்கு அடங்கல் எழுத விஏஓ தயங்கினால், விதை, உர ரசீது, கூட்டுறவுக் கடன் சீட்டு, நடவு நாளிலும் கதிர் நாளிலும் எடுத்த படம் ஆகியவற்றைச் சேருங்கள்.

4. அலுவலகங்களிலிருந்து ஆவணம் வாங்குவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் இங்கே முதல் கருவி. மாநில அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். மத்திய அரசு நிறுவனம் என்றால் அஞ்சல் ஆணை அல்லது இணையவழிக் கட்டணம். சுரங்கம் பொதுத்துறையுடையது என்றால் நிறுவனத்திடமே நேராகக் கேட்கலாம். தனியாருடையது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கனிமத் துறை, வருவாய்த் துறை வழியாகக் கேட்க வேண்டும்.

"ஏன் எங்கள் கிணறு வற்றியது?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை, கருத்து என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், வாரியம் கொடுத்த நீர், காற்று இசைவாணைகள், அரையாண்டு இணக்க அறிக்கைகள், சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் நீரின் அளவும் சோதனை முடிவும், நிலமெடுப்புத் தீர்வாணையின் நகல். ஒரு மனுவில் ஒரே பொருள். பத்துப் பொருளை ஒன்றாகப் போட்டால் எளிதான இரண்டுக்குப் பதில் வரும், மற்றவை மறைந்துவிடும்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கோப்பை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. கட்டாயம் பயன்படுத்துங்கள். நகலில் வராத ஓரக் குறிப்புகள் கோப்பில் இருக்கும்.

5. கிணறு, தூசி, விரிசல்: உங்கள் சொந்த அளவீடு

இந்தப் படிக்கு மாதங்கள் ஆகும். அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். பாதிப்பு தெரிந்தபின் அளந்தால் "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்பதற்குப் பதில் சொல்ல வழியில்லை. சுரங்கம் இன்னும் தொலைவில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

*நீர்மட்டம்.* நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நீர்த்தாங்கி இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் பொங்கிவிடும் என்பதால் இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். எனவே சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டப் பதிவுதான் முதன்மைச் சான்று. எடை கட்டிய அளவு நாடா போதும். மாதம் ஒரு நாள், விடியற்காலையில், மோட்டார் போடுமுன் அளந்து எழுதுங்கள். மோட்டார் ஓடியபின் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை, இறைப்பினால் வந்த தாழ்வு அதில் கலந்துவிடும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை தன் கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. உங்கள் எண்ணை அதோடு ஒப்பிடலாம். மழையளவையும் பக்கத்தில் எழுதுங்கள்.

*நீரின் தன்மை.* பாட்டிலைச் சோதனைக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். பாதரசம் போன்ற உலோகங்களுக்கு அமிலம் இட்ட தனிப் பாட்டில் வேண்டும். பழைய குளிர்பானப் பாட்டிலில் எடுத்துப் போன நீரை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் சில நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள், குழாயில் தேங்கிய நீர் வேறு முடிவு தரும். நாள், நேரம், புல எண், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து ஒட்டுச்சீட்டில் இருக்கட்டும். மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும் தாளில் எழுதுங்கள்.

சுரங்கத்தின் பாதிப்பு எட்டாத மேற்பக்க ஊரிலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். இல்லாவிட்டால் "இந்தப் பகுதி மண்ணின் இயல்பே அப்படி" என்ற ஒரு வரியில் உங்கள் அறிக்கை விழுந்துவிடும். குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. 2023-ல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலிப் பகுதியின் நீரையும் மண்ணையும் சோதித்து வெளியிட்ட அறிக்கை பேசப்பட்டதற்கு ஒரு காரணம், எந்த ஊர், எந்த நீர்நிலை என்று இடம் குறித்து எண்ணைச் சொன்னதுதான்.

நீங்கள் எடுத்த மாதிரியை வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. நீர்ச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் முறையாக எடுத்த மாதிரிக்குத்தான் அந்த வலு. ஆனால் உங்கள் முடிவைக் காட்டிக் கூட்டு மாதிரி எடுக்கும்படி வாரியத்தையும் தீர்ப்பாயத்தையும் கேட்கலாம். சோதனையின் நோக்கம் அதுதான் என்று தெரிந்து செய்தால் ஏமாற்றம் இருக்காது.

*விரிசல்.* வெடி வைக்கும் இடமானால், விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். வெடிச் சத்தம் கேட்ட நேரத்தை ஒரு நோட்டில் குறியுங்கள். வீடுகளுக்கான அதிர்வு வரம்பு, அதிர்வெண் குறைவாக இருந்தால், நொடிக்கு 5 மில்லிமீட்டர். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கையில் இருக்கிறது. உங்கள் நோட்டில் உள்ள தேதிகளுக்கான அதிர்வுப் பதிவைத் தகவல் மனுவில் கேளுங்கள்.

6. கிராமசபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடும். தீர்மான வரைவை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "சுரங்கத்தை எதிர்க்கிறோம்" என்று ஒரே வரியில் முடிக்காமல், எத்தனை கிணறு, எத்தனை ஏக்கர் நஞ்சை, எந்த ஏரி என்று எழுதுங்கள்.

கூட்டம் முடிந்த அன்றே தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தையும் கையெழுத்துகளையும் படம் எடுத்துவிடுங்கள். சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில், பர்சா சுரங்கத்துக்குக் கிராமசபை ஒப்புதல் போலியாகத் தயாரிக்கப்பட்டது என்று ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் முறையிட வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் ராய்ப்பூர் வரை சுமார் 300 கிலோமீட்டர் நடந்தே போனார்கள், அப்போதும் அதை விசாரிக்கக் கேட்டார்கள். அன்றைய பக்கத்தின் படம் கையில் இருந்தால் அந்தப் பாடு பெருமளவு குறையும்.

7. கருத்துக்கேட்புக் கூட்டம்

சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கும் இந்தக் கூட்டத்துக்கு, 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டத்தின் வரைவுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். முதல் நாளே போய்ப் பாருங்கள். இல்லை என்றால் இல்லை என்று அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்ட நாளில் சொன்னால் அது வாய்வார்த்தை.

அறிக்கை பல நூறு பக்கம் இருக்கும். பிரித்துப் படியுங்கள். ஊர்ப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா, நீர் மாதிரியை எந்த மாதத்தில் எடுத்தார்கள், ஓடையை எங்கே திருப்புகிறார்கள், இறைத்த நீர் எங்கே போகிறது, எத்தனை குடும்பம் இடம்பெயரும் என்று எழுதியிருக்கிறார்கள் என்ற ஐந்தையும் முதலில். ஊரில் நாற்பது வீடு இருக்க, அறிக்கையில் பதினைந்து என்று இருந்தால் அந்த ஒன்றே வலுவான ஆட்சேபம். உங்கள் 3-ம் படிக் கோப்புகள் இங்கே பேசும்.

புறக்கணிக்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கூடாது என்பதே என் முடிவு. இந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரையறையே இல்லை. நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகப் பதிவாகும், ஆட்சேபம் இல்லை என்றும் பதிவாகும்.

ஒருவர் ஒரு விஷயம் பேசட்டும். பெயர், ஊர், புல எண், கேள்வி, "இதைப் பதிவு செய்யுங்கள்" என்ற ஒரு வரி. அழுகையும் கோபமும் வரும், வரட்டும். ஆனால் பேச்சின் எழுத்து வடிவம் இரண்டு பிரதிகள் கையில் இருக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரை வாங்குங்கள். பெரும்பாலோர் பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கடைசியில்தான் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்து ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். ஐந்து பேராவது அதுவரை உட்கார்ந்திருங்கள். விட்டுப்போனதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தை முழுவதும் வீடியோ எடுங்கள். சத்தீஸ்கரின் ராய்கட் மாவட்டத்தில் 2008 ஜனவரியில் ஒரு கருத்துக்கேட்பு தடியடியில் முடிந்தது. அதன் பதிவைப் பார்த்த பசுமைத் தீர்ப்பாயம், அந்தக் கூட்டம் முறையாக நடக்கவில்லை என்று சொல்லி 2012 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அனுமதியையே ரத்து செய்தது. அந்த வழக்குக்குப் பின்னால் நின்ற ரமேஷ் அகர்வால் அதே ஆண்டு சுடப்பட்டார், உயிர் தப்பினார். முன்னால் நிற்கும் ஒருவரை மட்டும் தனியாக விடாதீர்கள். மனுக்களில் பலர் கையெழுத்து இருக்கட்டும், பேட்டியை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

8. தெருவில் இறங்கும் நாள்

அமைதி தானாக வராது, அதற்குத் தயாரிப்பு வேண்டும். 2023-ல் வளையமாதேவி வயலில் இயந்திரம் இறங்கியபோது தமிழ்நாடே அந்த நெல்லைப் பார்த்தது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த கட்சிப் போராட்டம் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு என்று முடிந்தது. அதன்பின் செய்திகளில் நெல் பின்னுக்குப் போனது. வழக்கும் வாய்தாவும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளின் வேலைவாய்ப்பைத்தான் முதலில் அடிக்கும்.

அனுமதி மனுவை எழுத்தில் கொடுங்கள். தடை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பு 144 என்றது இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163-ம் பிரிவு. மாவட்டங்களில் கூட்டம், ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தும் காவல் சட்டத்தின் 30(2)-ம் பிரிவும் அமலில் இருக்கலாம். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம்.

தொண்டர்களைத் தேர்ந்து பச்சைத் துண்டோ கைப்பட்டையோ கொடுங்கள். கல் பறந்தால், தள்ளுமுள்ளு வந்தால், ஒரே ஒரு செயல்: எல்லாரும் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். நிற்கும் கூட்டத்தில் யார் எறிந்தார் என்று தெரியாது, உட்கார்ந்த கூட்டத்தில் நிற்பவர் தனியாகத் தெரிவார். இதை முந்தைய நாள் களத்தில் செய்து பாருங்கள். வாயால் சொல்லிவைத்தால் நெரிசலில் நினைவு வராது. குடித்தவர் யாராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்புங்கள். பெண்களைக் கேடயமாக முன்வரிசையில் நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். அவர்கள் முன்னால் நிற்பது அவர்கள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

சுரங்க வாயிலில் உட்காருவதாக இருந்தால் தொழிற்சங்கங்களிடம் முன்பே பேசுங்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் தொழிலாளரை மறித்தால் மோதல் ஊர்க்காரருக்கும் ஊர்க்காரருக்கும்தான். தொழிலாளருக்கு வழி விட்டு, உங்கள் துண்டறிக்கையை அவர்கள் கையில் கொடுங்கள்.

கைதானால்: காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், விதிவிலக்கான சூழல் தவிர சூரியன் மறைந்தபின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. வழக்கறிஞரின் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போனைப் பிடுங்கிவிடலாம்.

9. பசுமைத் தீர்ப்பாயம்

தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் நேரில் வாதாடலாம், ஆனால் அறிவியல் அறிக்கைகள் உள்ள வழக்குக்குத் தெரிந்த வழக்கறிஞர் நல்லது.

அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள் போனாலும் கதவு திறக்காது. தொடர்ந்து நடக்கும் மாசு போன்ற விவகாரத்துக்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. இவற்றுக்கும் 60 நாள் கூடுதல் உண்டு. அனுமதிக் கடிதம் இணையதளத்தில் ஏறிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள், பத்திரிகை விளம்பரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

நிலத்தின் விலை, வேலை வாக்குறுதி போன்றவற்றை இங்கே கொண்டுவராதீர்கள். அவை வேறு நீதிமன்றங்களின் வேலை. கலந்து எழுதிய மனுவில் நீர்மட்டப் பதிவுகூடக் கவனம் பெறாமல் போய்விடும்.

10. அனுமதி கொடுத்துவிட்டால்

குழு கலைவது வழக்கமாக இந்தக் கட்டத்தில்தான். அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள்: பசுமை வளையம், தண்ணீர் தெளிப்பு, மாற்றுக் குடிநீர், கண்காணிப்புக் கிணறு. நிறுவனம் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் இணக்க அறிக்கை தர வேண்டும். அந்த வாரமே நகலை எடுத்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே உங்கள் படத்தையும் அளவீட்டையும் வைத்து, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வட்டார அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒப்புகையோடு அனுப்புங்கள். கிணற்றை அளப்பவர் வெளியூர் போனால் அடுத்தவர் பெயரை அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.